சிட்டுவை யார் எழுப்பினார்கள்?

1

போன மாதம், சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் உட்கார்ந்து, என் மகள் செத்துப்போவதைப் பார்த்தேன். பதற வேண்டாம், சினிமாவில்தான். என் மடியில் சோளப்பொரி இருந்தது. குளிர்காற்று நேராக உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் அவள் கழுத்துவரை சேற்றில் புதைந்து, கண் திறந்தபடி கிடந்தாள். எடுத்த மகராசன் அவள் முகத்தைவிட்டு கேமராவை நகர்த்தவே இல்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதக் காரணம் உண்டு. அந்தப் படத்தின் கதை நம் கதை. புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்குமே கரைகாத்தாள் நாடகம், அதைத்தான் இந்த நாட்டுப் பிள்ளைகள் இந்தக் காலத்துக்கு மாற்றிப் படமாக எடுத்திருக்கிறார்கள். நாடகத்தில் கரைகாத்தாள் வேஷம் கட்டியவர் என் அப்பா. படத்தில் அதே வேஷம் என் மகளுக்கு. இரண்டு பேருக்கும் நடுவில் நான், கெடா மாநிலத்தில் கோலா கெத்தில் என்கிற சின்ன ஊரில் மளிகையும் பூசைச் சாமானும் விற்கிறேன்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்மாய்க்கரை மழைக்கு மழை உடைகிறது. ஓர் உயிர் கொடுத்தால்தான் நிற்கும் என்று குறி சொல்லிவிடுகிறார்கள். ஊரார் பிள்ளையை எப்படிக் கேட்பது என்று ராஜா தவித்து, கடைசியில் சொந்த மகள் கையில் கஞ்சிக் கலயத்தைக் கொடுத்து, கரையில் மண் சுமக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று அனுப்புகிறார். பாதி வழியில் மகளுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. இருந்தாலும் திரும்பாமல் போகிறாள். அந்த நடையில் அப்பா பாடும்போது பந்தலில் ஆண்களே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

2

நான் இங்கே கல்யாணமாகி வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. வந்த புதிதில் நான் கற்ற முதல் மலாய்ச் சொல் 'துங்கு'. பொறு என்று அர்த்தம். குடிநுழைவு அலுவலகத்தில் எந்த முகப்பில் நின்றாலும் அதைத்தான் சொன்னார்கள். விசாவை நீட்டிக்கக் கடப்பிதழைக் கொடுத்துவிட்டு நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. கடப்பிதழ் அவர்களிடம் இருந்தது. கேட்டதற்கு அதே சொல்லைச் சொன்னார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

சாவைச் சொல்லவும் எனக்கு இங்கே சரியாக வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் போனபோது, பதிவு அலுவலகத்தில் அவர் 'மாத்தி' ஆகிவிட்டார் என்று சொன்னேன். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'மெனிங்கல், காக்' என்று, அக்கா முறை வைத்து மெதுவாகத் திருத்தினாள். மாத்தி என்பது ஆடு மாட்டுக்கும், நின்றுபோன மோட்டாருக்கும் சொல்வதாம். மனிதர்களுக்கு வேறு சொல். அவள் என்னைக் கேலி செய்யவில்லை, என் கைமேல் கை வைத்துத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

என் மகளுக்கு இந்தத் தடுமாற்றமெல்லாம் கிடையாது. மலாயும் ஆங்கிலமும் அவள் வாயில் தண்ணீர்பட்ட பாடு. தமிழ்தான் அவளுக்கு வெளியூர் விருந்தாளி, பண்டிகைக்கு மட்டும் வரும். அடையாள அட்டையில் அவள் பெயர் யாழினி. படத்தில் யாழ் என்று போடுகிறார்கள். வீட்டில் மட்டும் சிட்டு. எந்த அரசாங்கத்துக்கும் தெரியாத பெயர் அது. பள்ளிக்கூட வாசலில் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று பதின்மூன்று வயதில் சண்டை போட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுக்குள்ளோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம்.

கணக்கியல் படிக்கக் கோலாலம்பூர் போனவள், நடிக்கப் போகிறேன் என்று பாதியில் விட்டாள். அவள் அப்பா போன பிறகு வீட்டுக்கு வருவதும் குறைந்தது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. பசியாறிவிட்டாயா என்று நான் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அவளாகக் கூப்பிட்டாலும் ஒழுங்காகப் பேசுவதில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம் அப்படித்தான். கடையில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். கைப்பேசி அடித்தது. எடுத்து 'சிட்டு' என்றேன், சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. எரிச்சலில் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அதற்குப் பிறகுதான் 'இருக்கேம்மா' என்றாள். என்னடி வேணும் என்றால், சும்மாதான் என்று வைத்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் பேசுகிற பெண்ணுக்கு அம்மாவிடம் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா என்று அன்று முழுக்கக் குமைந்தேன். தீபாவளிக்கும் அவள் வரவில்லை.

3

படம் வெளியான சங்கதியை எனக்குச் சொன்னது லெட்சுமி அக்கா. கடையில் எனக்குத் துணையாக இருப்பவர். சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது வேலையாட்களின் வரிசை வீட்டில், பிறந்து, ரப்பர்ப் பால்மரம் சீவி, பிறகு பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை பொறுக்கி, தோட்டத்தை விற்ற பிறகு ஊருக்குள் வந்தவர். அந்தக் காலத்தில் அவர்கள் தோட்டத்துத் திருவிழாவிலும் கரைகாத்தாள் போடுவார்களாம். கப்பலில் வந்தவர்கள் வேட்டி புடவையோடு நாடகத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த புதிதில் அந்தப் பாட்டின் முதல் அடியை அவர் வாயில் கேட்டபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மகள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: படம் வருது, நீங்க பாக்காதீங்கம்மா, போரிங் லா. பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கிற ரகமா நான்? லெட்சுமி அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

நாடகக்காரர் மகள் என்கிற திமிரோடுதான் உட்கார்ந்தேன். கஞ்சிக் கலயத்துக்கு என்ன செய்யப் போகிறார்கள், பாட்டில்லாமல் எப்படி நடக்கவிடப் போகிறார்கள் என்று பார்க்கலாம் என்றிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். ராஜா இதில் ஒரு தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்க்கிறவர். தோட்டத்தை வீட்டுமனைக்காக விற்றுவிட்டார்கள். லயத்து ஜனம் கிளம்ப மறுக்கிறது. மண்டோர் குடும்பம் முதலில் கிளம்பினால் மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு புது வீட்டை ஆசை காட்டுகிறார்கள். அவர் மூட்டை கட்டிவிடுகிறார். மகளோ ஜனங்கள் பக்கம். மழை பிடித்துக்கொள்கிறது. லயத்துக்குப் பின்னால் மேட்டை வெட்ட இயந்திரம் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அப்பன் மகளைக் கைப்பேசியில் கூப்பிட்டு, சாமி படத்தை மறந்துவிட்டேன், பழைய வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வா என்கிறான். அவள் செம்பனை வரிசைகளுக்கு நடுவே குடையில்லாமல் நடக்கிறாள். பாட்டு இல்லை, மழைச் சத்தம் மட்டும். அந்த நடை என் அப்பாவின் நடை. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்க்கிற நடை. அவரை அவள் கண்டதே இல்லை.

ஓர் இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. நாடகத்தில் ராஜாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறார். அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு கடைசிவரை மேடையில் நிற்கிறார். படத்தில் அப்பனுக்கு ஒன்றும் தெரியாது, இயந்திரம் அன்றைக்கே ஓடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மண் சரிந்த பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறான். இந்தக் காலத்தில் அப்பனைக் கெட்டவனாகக் காட்டப் பயப்படுகிறார்கள் என்று லெட்சுமி அக்காவின் காதில் முணுமுணுத்தேன். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மண்டோருக்குத் தெரியும் தங்கச்சி. எங்க மண்டோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாரு."

அதற்குப் பிறகுதான் அந்தச் சேறும், அந்த முகமும் வந்தன.

4

அதைப் பார்த்து நான் ஏன் பயந்தேன் என்று சொல்ல, அப்பாவின் நாடக செட்டில் இருந்த ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும்.

மேடையில் செத்தவர் தானாக எழுந்திருக்கக் கூடாது. திரை விழுந்ததும் அவருடைய சொந்த மனுஷர் யாராவது பக்கத்தில் போய், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி மூன்று முறை கூப்பிட வேண்டும். வேஷப்பெயர் ஆகாது, நோட்டீஸில் அச்சடிக்கிற பெயரும் ஆகாது. முதல் இரண்டு தடவைக்குப் பதில் வரக் கூடாது. மூன்றாவதற்கு 'இருக்கேன்' என்று சொல்லி, வலது கையை ஊன்றி எழ வேண்டும். பிறகுதான் சூடம், தண்ணீர், பீடி எல்லாம். வேஷத்தோடு போன உயிர், வீட்டுப் பெயரைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடித்துத் திரும்பும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அப்பாவைக் கூப்பிடுவது என் வேலை. அம்மா இல்லாத வீடு என்பதால் நாடகம் போட்ட ஊருக்கெல்லாம் என்னையும் கூட்டிப் போவார். விடிகிற நேரத்தில் யாராவது உலுக்கி எழுப்புவார்கள். திரைக்குப் பின்னால் மண்ணும் மஞ்சளும் பூசிய ஒரு பொம்பிளை மல்லாந்து கிடப்பாள். எனக்கு முதல் இரண்டு முறை கூப்பிடும்போது ஒவ்வொரு தடவையும் உண்மையிலேயே பயமாக இருக்கும். 'அப்பா, அப்பா' என்பேன். அந்தப் பொம்பிளை அசையமாட்டாள். மூன்றாவது தடவைக்கு அந்த உதட்டுச் சாயத்திலிருந்து அப்பாவின் குரல் வரும்.

நான் கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவரைக் கூப்பிட ஆள் இல்லை. அந்த வருஷத் திருவிழாவில் செத்து விழுந்தவர் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் படுத்தே கிடந்தாராம். அவர் செட்டு மிருதங்கக்காரர் பிறகு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மற்றவர்கள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் அவரே எழுந்து உட்கார்ந்து, 'மலேசியாவுக்குக் கேக்கவா போகுது' என்று சிரித்துவிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

இதை நான் நம்புகிறேனா என்றால், பகலில் நம்புவதில்லை. வயதான மனிதர், பீடி குடித்தார், ராத்திரி முழுக்கக் கண்விழித்தார், போனார். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேரங்காடி இருட்டில் என் மகளின் திறந்த கண்களைப் பார்த்தபோது நான் நம்பினேன். இவளை யார் எழுப்பியிருப்பார்கள்? அந்தக் கூட்டத்தில் சிட்டு என்ற பெயர் யாருக்குத் தெரியும்? 'கட்' என்று எவனோ சொன்னதும் தானாக எழுந்து போயிருப்பாள். அந்தச் சேற்றில் எதை விட்டுவிட்டுப் போனாளோ?

என்னை அறியாமல் சத்தமாக 'சிட்டு' என்று கூப்பிட்டுவிட்டேன். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து, "ஆன்ட்டி, ஓகேயா?" என்று கேட்டாள். அதற்குள் பெயர்கள் ஓட ஆரம்பித்து, விளக்கைப் போட்டுவிட்டார்கள். மிச்ச இரண்டு தடவை தொண்டையிலேயே நின்றுபோனது. பாதியில் நிறுத்துவது கூப்பிடாமல் இருப்பதைவிட மோசம் என்று மிருதங்கக்காரர் சொல்வார்.

5

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கடையில் வெற்றிலை அடுக்கும்போதும் அந்த முகம், சோறு பிசையும்போதும் அந்தச் சேறு. பார்க்காதே என்று சொன்ன படத்தைப் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? செத்த பிறகு உன்னை எழுப்பியது யாரடி என்று கைப்பேசியில் தட்டி அனுப்ப முடியுமா? பைத்தியம் என்பாள். இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஷூட்டிங், அப்புறம் பேசறேன் என்று எழுதினாள். சளி, தொண்டைக்கட்டு என்று இன்னொரு நாள் எழுதினாள். சளிக்கெல்லாம் பயந்தவள் இல்லை நான். இந்த முறை பயந்தேன்.

என் வீட்டுக்காரரின் திதி வந்தது. அன்றைக்கு எப்படியும் வந்துவிடுகிறேன் என்றாள். மத்தியானம் 'பண்டார் பாரு தாண்டிட்டேன்' என்று எழுதினாள். பேரா மாநிலத்தைத் தாண்டி கெடாவுக்குள் கால் வைத்துவிட்டாள் என்று அர்த்தம், ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் இருப்பாள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. படையல் போட்ட இலை காய்ந்தது. நாலு மணி ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. கைப்பேசி அணைந்திருக்கிறது என்று ஒரு மலாய்க்காரி திரும்பத் திரும்பச் சொன்னாள். லெட்சுமி அக்கா இரண்டு தடவை தேத்தண்ணீர் கலக்கி வைத்தார், இரண்டும் ஆறிப்போயின. நான் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உங்களிடம் அனுப்பவில்லை, என்னிடம்தான் வரச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன்.

இடுப்புவரை சேறு. தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. கன்னத்தில் ஒரு கோடு மண். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காடி, இங்கே காருக்கு அப்படித்தான் பெயர், வழுக்கிச் செம்பனைக் காட்டு ஓரத்து அலூரில், அதுதான் மழைநீர்க் கால்வாயில், இறங்கிவிட்டதாம். கைப்பேசி தண்ணீரில் போய்விட்டதாம். வழியில் போன லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது அந்தச் சேறு ஒன்றுதான். அவளை உள்ளே இழுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"சிட்டு" என்றேன்.

அவள் பேசவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்தாளே தவிர, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

"இருக்கேம்மா" என்றாள். வலது கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

நான் அவளைச் சேற்றோடு கட்டிக்கொண்டு அழுதேன். படம் பார்த்ததையும், பாதியில் நின்றுபோன கூப்பிடுதலையும், என் அப்பா எழாமல் கிடந்ததையும், எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"பாக்காதீங்கன்னு இதுக்குத்தான் சொன்னேன். எத்தனை தடவம்மா கூப்பிடுவீங்க? போன வருஷமே கூப்பிட்டீங்கல்ல."

எப்போது என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாடி. கடையில ஒரே சத்தமா இருந்துச்சு. மறந்துட்டீங்களா?"

சேற்றுக் காட்சி முடிந்து கட் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்களாம். இவள் எழுந்திருக்கவில்லை. யாழ், யாழ் என்று டைரக்டர் கத்தினாராம். மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது. ஒப்பனைக்காரப் பெண்ணைக் கண்ணால் பக்கத்தில் கூப்பிட்டு, கைப்பேசியில் என் எண்ணைப் போடச் சொல்லி, காதில் வைத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். கழுத்துவரை சேற்றில் படுத்துக்கொண்டு, முதல் இரண்டு தடவைக்கும் பதில் சொல்லாமல், நான் மூன்றாவது தடவை கூப்பிடுகிறவரைக்கும் காத்திருந்திருக்கிறாள்.

சின்ன வயதில் தாத்தா கதையை நான் சொல்லும்போதெல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் இவள். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டாள்.

"தாத்தாகிட்ட போன் இல்லம்மா. என்கிட்ட இருந்துச்சு, அவ்ளோதான்" என்றாள்.

அந்தத் திருவிழா விடியலில் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு இந்த வழி தெரியாமல் போயிற்று. அது எனக்கு என்றைக்கும் ஆறாது. சுடுதண்ணீர் போட்டு அவளைக் குளிக்கவைத்தேன். ஈரத் தலையோடு வந்து தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, காய்ந்த இலையில் இருந்ததை எல்லாம் வழித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் ஈப்போ பக்கத்தில் இன்னொரு படம் நடிக்கிறாளாம். அதிலும் சாகிறாளாம். நல்ல வேஷமே உனக்குக் கொடுக்கமாட்டார்களா என்று திட்டினேன். திட்டிவிட்டு, என்றைக்கு, எந்த நேரத்தில் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னேன். அன்றைக்கு யார் வந்து கேட்டாலும் கடை கிடையாது. கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.